வட கொரிய எல்லை வேலியைப் பார்க்க அம்மாவைக் கூட்டிப் போகலாமா?

தூங்காநகரான் | செப்டம்பர் 3

வணக்கம் மக்களே. வேலை விஷயமாக இந்த மாதம் சியோல் போகிறேன், மூன்று வாரம் இருப்பேன். கடைசிப் பத்து நாளைக்கு அம்மாவையும் வரச் சொல்லியிருக்கிறேன். அப்பா போனதிலிருந்து அவர் வீட்டை விட்டு எங்கேயும் கிளம்பவில்லை. இரண்டு பேருக்கும் விசா வந்துவிட்டது.

அம்மாவுக்கு வயது 66, முட்டி வலி உண்டு. கொரிய சீரியல் பார்த்துப் பார்த்துப் பாதி ஊர் அவருக்கு அத்துப்படி. அரண்மனை வேண்டாம், கடைத்தெரு வேண்டாம், "அந்த வேலியைப் பார்க்கணும்டா" என்று ஒரே பிடியாக நிற்கிறார். சுரங்கம் ஒன்று இருக்கிறதாமே, அதில் அவரால் இறங்கி ஏற முடியுமா? சொந்தமாகப் போவதா, டூர் பஸ்ஸில் போவதா? அந்த நீல நிறக் கொட்டகைகளுக்குள் விடுகிறார்களா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள். பயம் எல்லாம் இல்லை, சும்மா ஒரு இது.

சுவோன்வாசி | செப்டம்பர் 3

வாங்க. நான் சுவோனில் ஒன்பது வருடமாக இருக்கிறேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் இந்த இடத்துக்கு இழுத்துக்கொண்டு போவது என் தலைவிதி. ஆறு தடவை போயாயிற்று.

முதலில் ஒன்று. "எல்லை" என்று நாம் சொல்வது ஒரு கோடு இல்லை, அது ஒரு பட்டை. நடுவில் போர்நிறுத்தக் கோடு. அதற்கு வடக்கே 2 கிலோமீட்டர், தெற்கே 2 கிலோமீட்டர், ஆக 4 கிலோமீட்டர் அகலத்துக்கு ராணுவமற்ற பகுதி. கடல் முதல் கடல் வரை சுமார் 250 கிலோமீட்டர் ஓடுகிறது. பெயர்தான் ராணுவமற்றது; அதன் இரண்டு கரையிலும் உலகத்திலேயே நெருக்கமாகப் படை நிற்கிற இடம் அது. அதற்கும் தெற்கே இன்னொரு கோடு உண்டு, பொதுமக்கள் கட்டுப்பாட்டுக் கோடு. சுற்றுலா போகிறவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது கோட்டைத்தான் தாண்டுகிறோம்.

சியோலிலிருந்து 50 கிலோமீட்டர் சொச்சம்தான். பாஜு ஊரில் இம்ஜின்காக் என்ற பூங்கா. அதுவரை யார் வேண்டுமானாலும் போகலாம், ஒன்றும் கேட்கமாட்டார்கள். அங்கேயே கவுன்டரில் டிக்கெட் வாங்கினால் அவர்களுடைய பஸ்ஸில் ஏற்றி மூன்றாவது சுரங்கம், தோரா பார்வைக்கூடம், ஒன்றிணைப்புக் கிராமம் என்று சுற்றிக் காட்டிக் கொண்டுவந்து விடுவார்கள். முந்தி வந்தவர்க்கு முந்தி. வார இறுதியில் காலை ஒன்பதுக்குள் வரிசையில் நிற்காவிட்டால் மதியத்துக்கு மேல் உள்ள சுற்றுதான் கிடைக்கும், அதுவும் இல்லாமல் போகலாம். சியோலிலிருந்து கிளம்பும் தனியார் டூர் பஸ் என்றால் காசு கூட, அலைச்சல் குறைவு. அம்மாவோடு என்றால் பஸ்ஸே மேல்.

பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும். நகல், போனில் படம், எதுவும் செல்லாது. ஒன்றிணைப்புப் பாலத்தில் பஸ்ஸை நிறுத்தி ஒரு சிப்பாய்ப் பையன் ஏறி ஒவ்வொரு முகமாகப் பார்ப்பான். என் மச்சான் ஒரு தடவை ஓட்டலிலேயே பாஸ்போர்ட்டை வைத்துவிட்டு வந்து, மூன்று மணி நேரம் இம்ஜின்காக்கில் தனியாக உட்கார்ந்து வாத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். இன்றுவரை அதற்கு என்னைத்தான் திட்டுகிறான்.

சுரங்கம்: 1978-இல் கண்டுபிடித்தது. தெற்கே படையை அனுப்ப வடக்கு ரகசியமாகத் தோண்டியது, 1,635 மீட்டர் நீளம், தரைக்கு 73 மீட்டர் அடியில். 2 மீட்டர் உயரம் என்று எழுதியிருப்பார்கள். நம்பாதீர்கள், உத்திரமும் குழாயும் போக நிமிர்ந்து நடக்க முடியாது. தலைக்கவசம் கொடுப்பார்கள், பத்தடிக்கு ஒரு தடவை 'டொக்' என்று இடிக்கும். போன், பை எல்லாம் லாக்கரில். இறங்கிப் போக தெற்குக்காரர்கள் வெட்டிய சரிவு ஒன்று, 350 மீட்டருக்கு மேல். இறங்கும்போது சிரித்துக்கொண்டு போவீர்கள், ஏறும்போது தெரியும். பழனி யானைப்பாதையை ஒரே மூச்சில் ஏறியது போல இருக்கும். முட்டி வலி என்றால் அம்மா மேலேயே இருப்பது நல்லது. சின்ன மோனோரயில் ஒன்று உண்டு. உங்கள் சுற்றில் அது சேர்ந்திருக்கிறதா என்று டிக்கெட் வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

நீலக் கொட்டகை கதை வேறு. அது பன்முன்ஜோம், இரண்டு தரப்பும் எதிரெதிரே உட்கார்ந்து பேசுவதற்கான கூட்டுப் பாதுகாப்புப் பகுதி. ஐ.நா. படைத் தலைமையின் கையில் இருக்கிறது. 2023 ஜூலையில் ஒரு அமெரிக்கச் சிப்பாய் சுற்றுலாக் கூட்டத்தோடு கூட்டமாக வந்து திடீரென்று வடக்குப் பக்கம் ஓடிவிட்டான். அதோடு பார்வையாளர் வருகையை நிறுத்தினார்கள். அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

திங்கட்கிழமை சுற்றுலா கிடையாது. பண்டிகை விடுமுறையையும் பார்த்துக்கொள்ளுங்கள், நீங்கள் இருக்கும் நாட்களில் சூசோக் வருகிறது (இங்கத்திய அறுவடைப் பண்டிகை, முன்னோருக்குப் படைக்கிற நாள்).

கடுகு | செப்டம்பர் 3

அப்படியே இம்ஜின்காக்கில் ராட்சதக் கப்பல் ஊஞ்சல் இருப்பதையும் சொல்லிவிடுங்கள். குடும்பங்கள் பிரிந்து கிடக்கிற ஆற்றங்கரையில் கேளிக்கைப் பூங்கா, ஆற்றுக்கு மேலே கேபிள் கார், சோயா ஐஸ்கிரீம். முள்கம்பியைத் துண்டு துண்டாக வெட்டி, சட்டம் போட்டு, எண் குத்தி விற்கிறார்கள். நான் போன அன்று ஒரு ஜோடி கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகைக்குப் பக்கத்தில் நின்று இரண்டு விரலால் இதயம் காட்டிப் படம் எடுத்துக்கொண்டிருந்தது. சாவு வீட்டில் மொய் எழுதும் மேசை போட்டமாதிரி இருந்தது எனக்கு. காசு கொடுத்து அடுத்தவன் காயத்தைப் பார்க்கப் போவானேன்?

மஞ்சள்பை | செப்டம்பர் 4

நம்ம வாகா மாதிரி சாயங்காலம் காலைத் தூக்கிக் காட்டுவார்களா? அப்படியென்றால் நானும் வருகிறேன்.

சுவோன்வாசி | செப்டம்பர் 4

கிடையாது பாஸ். கைதட்டல், கோஷம் எதுவும் கிடையாது. பார்வைக்கூடத்தில் எல்லாரும் தொலைநோக்கியில் கண்ணை வைத்துக்கொண்டு "அதோ ஒரு ஆள் சைக்கிளில் போகிறார்" என்று ரகசியம் போலச் சொல்வார்கள். ஒரு மனிதன் சைக்கிள் ஓட்டுவதைப் பார்க்க இத்தனை பேர் முண்டியடிக்கும் இடம் உலகத்தில் வேறெங்கும் இருக்காது.

போட்டி வேண்டுமானால் கொடிக்கம்பத்தில் உண்டு. ராணுவமற்ற பகுதிக்குள் இரண்டு பக்கமும் ஒவ்வொரு கிராமம் இருக்கிறது. தெற்கில் தேசோங்தோங், வடக்கில் கிஜோங்தோங். 1980-களில் தெற்கு நூறு மீட்டர் உயரத்துக்குக் கம்பம் நட்டது. வடக்கு 160 மீட்டரில் ஒன்று நட்டுப் பதில் சொன்னது. தேசோங்தோங்காரர்களுக்கு வரி கிடையாது, கட்டாய ராணுவ சேவை கிடையாது. ஆனால் ராத்திரி ஊரடங்கு உண்டு, வருடத்தில் எட்டு மாதமாவது ஊரில் தங்காவிட்டால் குடியிருப்பு உரிமை போய்விடும்.

கடுகு, உங்களுக்குத் தனியாகப் பதில் எழுதுகிறேன். இப்போது ஷிப்ட் நேரம்.

பழையபேப்பர் | செப்டம்பர் 4

ஒரு திருத்தம் முன்கூட்டியே. இந்த இழையில் யாராவது "38-வது இணைகோடு" என்று எழுதத்தான் போகிறீர்கள். அது வேறு, இது வேறு. 1945 ஆகஸ்டில், ஜப்பான் சரணடைகிற அவசரத்தில், இரண்டு அமெரிக்க ராணுவ அதிகாரிகள் ஒரு வரைபடத்தைப் பார்த்து 38-இல் கிழித்த கோடு அது. சண்டை 1950 ஜூன் 25-இல் தொடங்கி 1953 ஜூலை 27-இல் போர்நிறுத்தத்தோடு நின்றது. அன்றைக்கு எந்தப் படை எங்கே நின்றதோ அதுதான் இன்றைய கோடு. அதனால் அது மேற்கே கொஞ்சம் கீழே இறங்கி, கிழக்கே மேலே ஏறிக் கோணலாகப் போகிறது. சண்டைக்கு முன் தெற்கில் இருந்த கேசோங் இப்போது வடக்கில். வடக்கில் இருந்த சொக்சோ, சொல்வொன் இப்போது தெற்கில். நடுவில் இருந்த சனத்தை யாரும் கேட்கவில்லை. சமாதான ஒப்பந்தம் இன்றுவரை இல்லை, அதையும் நினைவில் வையுங்கள்.

தூங்காநகரான், அம்மாவுக்குச் சொல்ல உங்களுக்கு இன்னொரு கதை. ரயிலில் போனால் முன்சான் என்ற நிலையத்தில் இறங்குவீர்கள். 1951 மார்ச் 23 அன்று அமெரிக்க வான்குடைப் படை அங்கேதான் குதித்தது. அவர்களோடு இந்தியாவின் 60-வது பாராசூட் மருத்துவப் பிரிவிலிருந்து ஒரு சிறு குழுவும் குதித்தது. அந்தப் பிரிவின் தலைவர் லெப்டினன்ட் கர்னல் ரங்கராஜ், முழுப்பெயர் ஆற்காடு கோவிந்தராஜ் ரங்கராஜ். பெயரிலேயே ஊர் இருக்கிறது. பின்னால் மகாவீர் சக்ரா கொடுத்தார்கள். இந்தியா அந்தப் போருக்குத் துப்பாக்கி அனுப்பவில்லை, டாக்டர்களைத்தான் அனுப்பியது.

அப்புறம் போர்நிறுத்தத்துக்குப் பிறகு வந்த சிக்கல். ஊர் திரும்பமாட்டோம் என்று சொன்ன கைதிகள் இரண்டு பக்கமும் சேர்த்து 22,000-க்கு மேல். அவர்களை வைத்துப் பார்த்துக்கொள்ள நடுநிலை நாடாக இந்தியப் படை போனது. இந்தக் கைதிகளுக்காக அமைத்த நடுநிலை நாடுகள் ஆணையத்துக்குத் தலைவர் ஜெனரல் திம்மையா. தென் கொரிய அதிபர் சிங்மன் ரீ என்ன சொன்னார் தெரியுமா? இந்தியச் சிப்பாய் ஒருவன்கூட என் மண்ணில் கால் வைக்கக்கூடாது என்றார். கப்பலில் இன்சோன் வந்தவர்களை அங்கிருந்து ஹெலிகாப்டரில் தூக்கி நேராக ராணுவமற்ற பகுதியில் இறக்கினார்கள். அங்கே அவர்கள் போட்ட முகாமுக்கு 'ஹிந்த் நகர்' என்று பெயர் வைத்தார்கள்.

கடைசியில் 88 கைதிகள் வடக்கும் வேண்டாம், தெற்கும் வேண்டாம் என்றார்கள். கொரியர் 76, சீனர் 12. அவர்களை இந்தியா தன்னோடு அழைத்து வந்தது. 1954 பிப்ரவரியில் அந்தக் கப்பல் வந்து நின்ற இடம் மெட்ராஸ் துறைமுகம். பிறகு பலர் பிரேசில், அர்ஜென்டினா என்று போய்விட்டார்கள், சிலர் இந்தியாவிலேயே தங்கினார்கள். சொந்த நாட்டின் இரண்டு பாதியையும் வேண்டாம் என்று சொன்னவன் முதலில் பார்த்த ஊர் மெட்ராஸ் என்பதை நினைத்துப் பார்க்கிறேன். பீச் ஸ்டேஷன் பக்கம் போகும்போதெல்லாம் இது ஞாபகத்துக்கு வந்துவிடும்.

மஞ்சள்பை | செப்டம்பர் 4

ஹெலிகாப்டர் விஷயம் சத்தியமாகத் தெரியாது. நன்றி பேப்பர் சார்.

லாவெண்டர்தெரு | செப்டம்பர் 5

நான் சிங்கப்பூர். எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தவன் என்ற முறையில் இரண்டு வரி. 2017-இல் பெய்ஜிங் வழியாகப் பியோங்யாங் போய், அங்கிருந்து பஸ்ஸில் கேசோங் வந்து, பன்முன்ஜோமை வடக்கு வாசல் வழியாகப் பார்த்தேன். (இப்போது அந்த வழி கிட்டத்தட்ட மூடிக் கிடக்கிறது. 2020-இல் மூடியவர்கள், 2024-இலிருந்து பெரும்பாலும் ரஷ்யர்களைத்தான் விட்டார்கள்.)

வேடிக்கை என்னவென்றால், வடக்குப் பக்கம்தான் கெடுபிடி குறைவாக இருந்தது. தெற்கிலிருந்து போனவர்கள் "எதிரியின் செயலால் காயமோ மரணமோ நேரலாம்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, கிழிந்த ஜீன்ஸ் போடாமல், கை காட்டாமல் நிற்க வேண்டும் என்பார்கள். இந்தப் பக்கம் அதிகாரி எங்களோடு சேர்ந்து நின்று படம் எடுத்துக்கொண்டார். போர்நிறுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்தான மண்டபம் வடக்கில்தான் இருக்கிறது. அதே இடத்தில் ஒரு கோடரியைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். 1976 ஆகஸ்டில், பார்வையை மறைக்கிறது என்று ஒரு பாப்லர் மரத்தை வெட்டப் போன தகராறில் இரண்டு அமெரிக்க அதிகாரிகளைக் கொன்றார்களே, அந்தக் கோடரியாம். மூன்று நாள் கழித்து அமெரிக்கா பெரும்படையோடு வந்து அந்த மரத்தை வெட்டிவிட்டுத்தான் போனது. ஒரு மரத்துக்காக! அதற்கு முன் அந்த வளாகத்துக்குள் இரண்டு தரப்பும் கலந்துதான் நடமாடியிருக்கிறார்கள். கொட்டகைகளுக்கு நடுவே ஓடும் அந்தச் சிமென்ட் திட்டு இந்தச் சம்பவத்துக்குப் பிறகு வந்தது.

கேசோங்கில் மதியச் சாப்பாடு பித்தளைக் கிண்ணங்களில் வந்தது, மூடி போட்ட குட்டிக் குட்டிக் கிண்ணம், ஒரு ஆளுக்குப் பத்துப் பன்னிரண்டு. நம் வீட்டு நவராத்திரிச் சொப்பு போல. பரிமாறிய பெண் ஒவ்வொரு மூடியாகத் திறந்து வைத்தார். என் நினைவில் நிற்பது கோடரி இல்லை, அந்த மூடிச் சத்தம்தான்.

கொண்டலடி | செப்டம்பர் 6

நான் யாழ்ப்பாணம். கடுகு எழுதினதைப் படித்துவிட்டு இரண்டு நாள் யோசித்தேன்.

ஓமந்தைச் சோதனைச்சாவடியைத் தாண்டிப் போய்வந்த சனம் நாங்கள். 2002-இல் ஏ9 பாதை திறந்தபோது எனக்குப் பதினாறு வயது. இந்தப் பக்கம் ஆமிக்காரன் பையைக் கொட்டிப் பார்ப்பான். நடுவில் சூனியப் பகுதி, அதில் செஞ்சிலுவைச் சங்கக் கொடி. அந்தப் பக்கம் இயக்கத்தின் பாஸ், வரி. அம்மம்மா வெற்றிலைப் பெட்டியை இரண்டு பக்கமும் திறந்து காட்ட வேண்டும். ஒரு நாட்டுக்குள்ளேயே எல்லை கடக்கிறது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும்.

பேந்து 2009 முடிந்தது. தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாகச் சனம் வந்தது, சோற்றுப் பார்சலோடு. கிளிநொச்சியில் விழுந்து கிடந்த தண்ணீர்த் தாங்கியைப் பார்த்தார்கள், பக்கத்திலேயே நினைவுப்பொருள் கடை. ஆனையிறவில் நினைவுச்சின்னம். நாங்கள் தறப்பாளுக்குக் கீழே இருந்துகொண்டு பஸ் போகிறதைப் பார்த்தோம். பார்க்கிற பொருளாக இருந்து பார்த்தால்தான் அது என்னவென்று விளங்கும்.

ஆனாலும் கடுகு சொல்வதோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. வந்த சனத்தின் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர்களிலும் பிள்ளையை இழந்த தாய்மார் இருந்தார்கள். கோபம் வந்தது பலகையைப் பார்த்து. பலகையில் எங்கள் கதை ஒரு வரிகூட இல்லை. கொரியாவில் அந்த ஆற்றங்கரைப் பூங்காவுக்குப் போகிறவர்களில் ஊரை இழந்தவர்களும் இருக்கிறார்களா, அவர்களுக்கு அங்கே ஏதும் இடம் உண்டா? சுவோன்வாசி அண்ணை, இதைத்தான் அறிய விரும்புகிறேன். ஐஸ்கிரீம் விற்றால் விற்கட்டும்.

சுவோன்வாசி | செப்டம்பர் 6

உண்டு. இம்ஜின்காக்கின் ஆரம்பமே அதுதான். 1972-இல் கட்டினார்கள், வடக்கில் ஊரை விட்டுவந்தவர்கள் முடிந்தவரை கிட்டே வந்து நிற்பதற்காக. அங்கே மாங்பேதான் என்ற பலிபீடம் இருக்கிறது. சூசோக் அன்றும் சந்திரப் புத்தாண்டு அன்றும் அந்த முதியவர்கள் வந்து வடக்கைப் பார்த்துப் படையல் போட்டு விழுந்து கும்பிடுவார்கள். பிரிந்த உறவினரைச் சந்திக்க வேண்டும் என்று தென் கொரிய அரசிடம் பதிந்தவர்கள் 1,30,000-க்கு மேல். 2000-க்கும் 2018-க்கும் இடையில் இருபத்தொரு தடவை சந்திப்பு நடந்தது, ஒவ்வொரு தடவையும் குலுக்கலில் தேர்ந்த சில நூறு பேர். 2018-க்குப் பிறகு ஒன்றும் இல்லை. பதிந்தவர்களில் பெரும்பாலோர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

கேளிக்கைப் பூங்கா அசிங்கம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் அதே இடத்தில் அந்த ரயில் எஞ்சினைப் பாருங்கள். 1950 கடைசி நாள், ஜாங்தான் நிலையத்தில் நின்றுபோனது. எதிரி கையில் சிக்கக்கூடாது என்று சுட்டே சல்லடையாக்கிவிட்டார்கள். ஆயிரத்துக்கு மேல் குண்டுத் துளை. அரை நூற்றாண்டு ராணுவமற்ற பகுதிக்குள் துருப்பிடித்துக் கிடந்து, அதன் மேல் ஒரு முசுக்கொட்டைச் செடி முளைத்திருந்தது. எஞ்சினை எடுத்துவந்தபோது செடியையும் பிடுங்கிவந்து பக்கத்தில் நட்டிருக்கிறார்கள்.

பாலத்தைப் பற்றிச் சொன்னேன் இல்லையா, அது வழியாகத்தான் 1998-இல் ஹூண்டாய் நிறுவனர் சுங் ஜு-யுங் மாடுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு வடக்கே போனார். ஜூனில் 500, அக்டோபரில் 501. அவர் ஊர் வடக்கில். சின்ன வயதில் அப்பா மாடு விற்ற பணத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தவர். ஒரு மாட்டுக்கு ஆயிரத்தொரு மாடாகத் திருப்பிக் கொடுத்தார். ஸ்ரீபெரும்புதூரில் வேலை பார்க்கிற நம் ஆட்களுக்கு முதலாளி கதை தெரியட்டும் என்று சொல்கிறேன்.

கடுகு | செப்டம்பர் 6

கொண்டலடி, நீங்கள் சொன்ன பிறகு எனக்கு வாயடைத்துவிட்டது. "யார் எழுதிய பலகை" என்ற கேள்வியை நான் கேட்டதே இல்லை. ஆனாலும் பெட்டியில் போட்ட முள்கம்பியை நான் மன்னிக்கமாட்டேன்.

நாரைக்காரன் | செப்டம்பர் 8

எல்லாரும் பாஜுவிலேயே நிற்கிறீர்களே. நேரம் இருந்தால் சொல்வொன் போங்கள், அதுவும் குளிர்காலத்தில். நான் போனதே பறவைக்காக. செந்தலை வைத்த வெள்ளைக் கொக்குகள், ஆளுயரம் இருக்கும், சைபீரியப் பக்கத்திலிருந்து இறங்கி அறுவடை முடிந்த வயலில் சிந்திய நெல்லைப் பொறுக்கும். மனிதர் வராத மண் என்பதால் அவற்றுக்கு இது சொர்க்கம். வரப்பில் சிவப்பு முக்கோணக் கண்ணிவெடிப் பலகை, அதற்கு அந்தப் பக்கம் ஒரு ஜோடி கொக்கு தலையைப் பின்னால் சாய்த்துக் கூவுகிறது. அந்தக் குரல் ஒரு கிலோமீட்டர் கேட்கும்.

அங்கே பழைய தொழிலாளர் கட்சிக் கட்டடம் ஒன்று கூரை இல்லாமல் நிற்கிறது. 1946-இல், அந்த ஊர் வடக்கோடு இருந்தபோது கட்டியது. படிக்கட்டில் டாங்கி ஏறிய தடம் இருக்கிறது.

கிழக்குக் கரையில் சொக்சோவும் நல்ல ஊர். அபாய் கிராமம் என்று ஒரு மணல்திட்டு. வடக்கிலிருந்து ஓடிவந்த மீனவர்கள் சண்டை நின்றதும் திரும்பிவிடலாம் என்று அங்கேயே குடிசை போட்டவர்கள். எழுபது வருடம் கடந்துவிட்டது. கணவாய்க்குள் சோறு திணித்து அவித்துத் தருவார்கள், சாப்பிடுங்கள். கரை தாண்டும் மிதவையை ஓட்டுநரோடு சேர்ந்து பயணிகளும் இரும்புக் கயிற்றைப் பிடித்து இழுக்க வேண்டும்.

தூங்காநகரான் | அக்டோபர் 11

வந்துவிட்டேன் மக்களே. பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி.

விடுமுறை தொடங்குவதற்கு முன்பே டூர் பஸ்ஸில் போய்விட்டோம். பாலத்தில் ஏறிய சிப்பாய்க்கு இருபது வயது இருக்கும். அம்மாவின் பாஸ்போர்ட்டைப் பார்த்து, அம்மாவைப் பார்த்து, குனிந்து வணக்கம் சொல்லித் திருப்பிக் கொடுத்தான். "சாப்பிட்டானோ என்னவோ" என்றார் அம்மா.

சுரங்கத்துக்கு நான் மட்டும் இறங்கினேன், எங்கள் சுற்றில் மோனோரயில் இல்லை. சுவோன்வாசி சொன்ன 'டொக்' ஒன்பது தடவை, எண்ணினேன். சுவரில் கரி பூசியிருந்தது கொஞ்சம் கொஞ்சம் தெரிகிறது. மாட்டிக்கொண்டதும் வடக்கு "நிலக்கரிச் சுரங்கம்" என்று சொல்லப் பூசியதாம். பாறையோ அசல் கருங்கல். முடிவில் சிமென்ட் தடுப்புச் சுவர், அதில் ஒரு சின்ன சன்னல். அதற்கு அப்பால் போர்நிறுத்தக் கோடு 170 மீட்டர்தான் என்றார் வழிகாட்டி. சன்னலில் இருட்டைத் தவிர ஒன்றும் இல்லை. எல்லாரும் ஒருவர் பின் ஒருவராக அந்த இருட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். ஏறும்போது எனக்கே நாக்கு தள்ளிவிட்டது.

தோரா பார்வைக்கூடத்தில் வானம் தெளிவாக இருந்தது. கேசோங் தெரிந்தது, இரண்டு கொரியாவும் சேர்ந்து நடத்தி 2016-இல் மூடிய தொழிற்பேட்டைக் கட்டடங்களும். எல்லை தாண்டிக் கேட்கிற மாதிரி போடும் பிரச்சார ஒலிபெருக்கிச் சத்தம் கேட்கும் என்று படித்திருந்தேன், இல்லை. 2025 ஜூனில் இரண்டு பக்கமும் நிறுத்திவிட்டார்களாம். வெறும் காற்று. அம்மா தொலைநோக்கியை விடவே இல்லை. "என்னம்மா தெரியுது?" என்றால், "வயல்டா. நம்ம சோழவந்தான் மாதிரிதான் இருக்கு. மரம்தான் இல்ல" என்றார். வடக்குப் பக்க மலைகள் மொட்டையாக இருப்பதை வழிகாட்டி சொல்வதற்கு முன்பே கவனித்துவிட்டார்.

கொண்டலடி கேட்டதால் சூசோக் அன்று மறுபடி இம்ஜின்காக் போனோம், ரயிலில். அலுவலகத் தோழர் ஒருவரும் வந்தார், அவருடைய தாத்தா வட கொரியாவின் ஹ்வாங்ஹே பக்கத்துக்காரர். பெரிய கூட்டு வழிபாடு முடிந்து குடும்பங்கள் தனித்தனியாகப் படைத்துக்கொண்டிருந்த நேரம். ஒரு பாட்டி, மகன், பேரப்பிள்ளைகள். பாய் விரித்து ஆப்பிள், பேரிக்காய், காய்ந்த மீன், பிறைபோல மடித்த அரிசிக் கொழுக்கட்டை எல்லாம் வரிசையாக வைத்தார்கள். மகன் கிண்ணத்தில் மது ஊற்றினார். எல்லாரும் இரண்டு முறை நெற்றி தரையில் படக் கும்பிட்டார்கள். பாட்டியால் குனிய முடியவில்லை. உட்கார்ந்த வாக்கில் தலையை மட்டும் தாழ்த்தினார். பின்னால் கப்பல் ஊஞ்சலில் பிள்ளைகள் கத்துகிற சத்தம் வந்துகொண்டே இருந்தது. கடுகு, உங்களை நினைத்துக்கொண்டேன்.

அம்மா என் காதருகே, "யாருக்குடா திதி?" என்றார். தோழரிடம் கேட்டேன். அவர் விசாரித்துச் சொன்னார்: பாட்டியின் அப்பா அம்மாவுக்கு. எப்போது இறந்தார்கள் என்று தெரியாது. 1951-இல் பாட்டிக்கு ஒன்பது வயது, சித்தப்பாவோடு படகில் வந்தவர். இறந்த நாள் தெரியாததால் சூசோக்கிலேயே வைத்துக் கும்பிடுகிறார்கள்.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, பாய்க்கு வெளியே நின்று வடக்குப் பக்கம் கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு பைக்குள் தேடி முறுக்குப் பொட்டலத்தை எடுத்து அந்தப் பாட்டியிடம் நீட்டினார். பாட்டி ஒன்றை உடைத்து மோந்து பார்த்து, ஏதோ கேட்டார். "எள்ளா?" என்று கேட்கிறாராம். எள்தான். எங்களுக்கு நாலு கொழுக்கட்டை கொடுத்தார்கள், உள்ளே அதே எள், சர்க்கரை போட்டு இடித்தது.

திரும்பும்போது ரயிலில் அம்மா கேட்ட ஒரே கேள்வி: "அந்த எஞ்சின் மேல முளைச்ச செடி காய்க்குமாடா?" காய்க்குமா சுவோன்வாசி?

சுவோன்வாசி | அக்டோபர் 11

ஜூன் மாதம் போய்ப் பார்த்துச் சொல்கிறேன். முசுக்கொட்டை இங்கே அப்போதுதான் பழுக்கும்.

கொண்டலடி | அக்டோபர் 12

பதிலுக்கு நன்றி. அம்மாவை நான் கேட்டதாகச் சொல்லுங்கோ.

மஞ்சள்பை | அக்டோபர் 12

எல்லாம் சரி, ஏர்போர்ட்டில் முறுக்கை விட்டார்களா? எனக்கு நவம்பரில் பயணம்.

தூங்காநகரான் | அக்டோபர் 12

முறுக்கு, அதிரசம், பருப்புப்பொடி எல்லாம் வந்தது. மாங்காய் கொண்டு போகாதீர்கள், பழம், காய்கறி விஷயத்தில் ரொம்பக் கறார்.